கூம்புக் கதிர் சி.ரி. ஸ்கானில் என்பையும் மூட்டையும் பார்த்தல்

என்பு முறிந்திருக்கிறதா என்ற கேள்விக்குச் சாதாரண கதிர்ப்படமே பெரும்பாலான வேளைகளில் விடை தந்துவிடுகிறது. ஆயினும் 8 சிற்றென்புகள் இரு வரிசையாக நெருங்கிக் கிடக்கும் மணிக்கட்டிலும், 26 என்புகள் வில்லாக வளைந்து உடற்பாரத்தைத் தாங்கும் பாதத்திலும், ஓர் என்பின் நிழல் மற்றொன்றின்மேல் விழுந்து மயிரிழை வெடிப்பை மறைத்துவிடுவதால், படம் முறிவில்லை என்று சொல்ல, நோயாளரின் நோவு வேறொன்றைச் சொல்லும் நிலை ஏற்படுகிறது. அந்த முரணைத் தீர்ப்பதில் கூம்புக் கதிர் சி.ரி. ஸ்கான் பெரிதும் உதவுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் என்பு, மூட்டு நோயாளரைப் பார்க்கும் வைத்தியர்கள், கதிர்ப்படப் பிரிவில் பணிபுரிவோர், இத்தகைய கருவியை நிறுவ எண்ணும் வைத்தியசாலை நிர்வாகிகள் ஆகியோரை மனத்திற் கொண்டு இவ்வத்தியாயம் எழுதப்பட்டுள்ளது. படத்தின் தரம் பொத்தானை அழுத்துவதற்கு முன்னரே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது என்பதால், கருவியைப் பற்றிச் சொல்வதைவிடக் கேள்வியை எழுதுவது, நோயாளரை நிறுத்துவது, அவரிடம் விசாரிப்பது ஆகியவற்றுக்கே இங்கு கூடுதல் இடம் தரப்படுகிறது.

கருவி எவ்வாறு படமெடுக்கிறது

1971இல் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் முயற்சியால் மருத்துவப் பாவனைக்கு வந்த சி.ரி. முறை, அதன் இன்றைய வடிவத்தில், எக்ஸ் கதிரை மெல்லிய விசிறி போல விரித்து, நோயாளர் படுத்திருக்கும் மேசையை வளையத்தினூடாக நகர்த்தி, உடலைத் துண்டம் துண்டமாகப் பதிவுசெய்கிறது. கூம்புக் கதிர் முறையில் கதிர் விசிறியாக அன்றிக் கூம்பாக விரிந்து, எதிரே உள்ள தட்டையான உணரித் தகட்டின் முழுப்பரப்பிலும் ஒரே நேரத்தில் விழுகிறது. கதிர்க் குழாயும் தகடும் கையையோ காலையோ ஒரு தடவை சுற்றி வருவதற்குள் சில நூறு கதிர்ப்படங்கள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றைக் கணினி ஒன்றிணைத்து முப்பரிமாண உருவாக்குகிறது. இதற்கான கணக்கீட்டு முறையை ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் என்னும் மூவர் 1984இல் வெளியிட்டனர். 1990களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் யப்பானிலும் பல் மருத்துவத்துக்கென முதலில் உருவான இக்கருவிவகை, 2010ஐ அடுத்த ஆண்டுகளில், பின்லாந்தின் பிளான்மெட், அமெரிக்காவின் கேர்வ்பீம் போன்ற நிறுவனங்களின் வழியாகக் கை கால்களுக்கும் வந்து சேர்ந்தது.

முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கூறு வொக்சல் எனப்படும். கூம்புக் கதிர்ப் படத்தில் ஒவ்வொரு வொக்சலும் சீனிக்கட்டி போல எல்லாப் பக்கமும் சமமான சிறு கனசதுரமாக, பொதுவாக 0.2 மில்லிமீற்றர் அளவில் அமைவதால், படத்தை நெடுக்கிலோ குறுக்கிலோ ஓர் என்பின் அச்சுக்கு இணங்கச் சரிவாகவோ வெட்டிப் பார்த்தாலும் நுணுக்கம் குறைவதில்லை. இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. அகன்ற கூம்பாக வரும் கதிர் திசுக்களில் மோதி நாலாபக்கமும் சிதற, அச்சிதறற் கதிரும் தகட்டில் விழுந்து படத்தை மங்கச் செய்வதால், தசை, தசைநார், நீர்க்கோவை முதலிய மென்திசுக்களிடையே வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை, வழமையான சி.ரி.யில் திசுவின் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்களையும் இதில் நம்பி அளவிட முடியாது. என்பின் வலுக்குறைவை, அதாவது அடர்த்திக் குறைவை அளப்பதற்கு நோயாளரை இக்கருவிக்கு அனுப்புவது வீண்வேலை.

கேள்வியை எழுதுதல்

கோரிக்கைப் படிவத்தில் "வலது மணிக்கட்டு ஸ்கான்" என்று மட்டும் எழுதி அனுப்பும் வழக்கம் எங்கும் உள்ளதுதான். அதே நோயாளருக்கு, "சயிக்கிளிலிருந்து உள்ளங்கை ஊன்றி விழுந்து 9 நாள்; பெருவிரலடிக் குழிவில் அழுத்தினால் நோ; கதிர்ப்படத்தில் முறிவு தெரியவில்லை; ஸ்கபொயிட்டில் வெடிப்பு உண்டா, உண்டெனில் விலகல் எவ்வளவு" என்று எழுதினால், படமெடுப்பவர் கையை எந்தக் கோணத்தில் வைப்பது, எந்த அளவு புலத்தைத் தெரிவது, எந்தச் சாய்வில் வெட்டி அனுப்புவது என்பவற்றையெல்லாம் அந்த இரண்டு வரியிலிருந்தே முடிவுசெய்துகொள்வார்.

இவ்வெடுத்துக்காட்டு வேண்டுமென்றே தெரியப்பட்டது. ஸ்கபொயிட் என்பது மணிக்கட்டின் பெருவிரற் பக்கத்தில் படகு போல வளைந்து கிடக்கும் சிற்றென்பு. அதற்குரிய இரத்தம் பெரும்பாலும் விரற்பக்க நுனியிலிருந்து பின்னோக்கிப் பாய்வதால், நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத் துண்டு இரத்தமின்றிச் செத்துப்போகும் அபாயம் உண்டு. முதல் நாட்களில் எடுக்கும் கதிர்ப்படத்தில் இம்முறிவு தப்பிவிடுவது அரிதன்று. அதனாலேயே சந்தேகத்தின் பேரில் கையைப் பிளாஸ்ரரில் இட்டு, 10 அல்லது 14 நாளின் பின் மீண்டும் படமெடுக்கும் மரபு ஏற்பட்டது. தோட்டத்தையோ கடலையோ நம்பிப் பிழைக்கும் ஒருவருக்கு, இல்லாத முறிவுக்காக வலக்கையை இரண்டு கிழமை கட்டிவைப்பது சிறிய இழப்பாகாது. கூம்புக் கதிர்ப் படம் இக்காத்திருப்பைப் பெருமளவு குறைக்கிறது. ஆயினும் என்பின் வெளியோடு உடையாமல் உள்ளே நசிந்த காயத்தை அது காட்டாது என்பதால், படம் சுத்தமாக இருந்தும் நோ தணியாவிட்டால் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவதே முறை.

குடாநாட்டுக்குரிய மற்றொரு காயம் பனையிலிருந்து விழுவதால் நேர்வது. கள் இறக்கவோ நுங்கு, ஓலை வெட்டவோ ஏறியவர் குதிகால் ஊன்ற விழும்போது, உடற்பாரம் முழுவதும் கணுக்காலினூடாக இறங்கிக் குதியென்பைப் பிளந்து நசித்துவிடுகிறது. பக்கவாட்டுக் கதிர்ப்படத்தில் குதியென்பின் மேல்விளிம்பில் அளக்கப்படும் பூலர் கோணம் இயல்பில் 20 முதல் 40 பாகை வரை இருக்கும். அது தட்டையாகியிருந்தால் முறிவு உறுதி என்று கொள்ளலாம். ஆனால் சத்திரசிகிச்சை நிபுணருக்கு வேண்டியது அதற்கு மேற்பட்ட தகவல்: பின்மூட்டுப் பரப்பு எத்தனை துண்டாகியிருக்கிறது, துண்டுகளுக்கிடையே படி போன்ற ஏற்றத்தாழ்வு 2 மில்லிமீற்றரைத் தாண்டுகிறதா என்பவை. இவற்றைக் கூம்புக் கதிர்ப் படம் தெளிவாகத் தருகிறது. ஒன்றை மட்டும் மறக்கலாகாது. உயரத்திலிருந்து விழுந்து குதி உடைந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இடுப்புப் பகுதி முள்ளென்பும் முறிந்திருப்பதாக நூல்கள் கூறுகின்றன. காலுக்குரிய கருவியால் முள்ளந்தண்டைப் பார்க்க முடியாது; குதியின் அழகிய முப்பரிமாணப் படத்தில் மனம் இலயித்து, முதுகைத் தொட்டுப் பார்க்காமல் விடுவது பெருந்தவறு.

முறிவு நெரிவு வைத்தியத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவது பொருந்தும். குடாநாட்டில் விழுந்தெழும்பிய பலர் முதலில் பரியாரியாரிடம் போய், நோவெண்ணெய் பூசி, பத்துப் போட்டு, சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டு, வீக்கம் வடியாதபோதே வைத்தியசாலைக்கு வருகின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவத்தைக் கைதடியில் முறைப்படி கற்பிக்கும் நிலப்பகுதி இது. எனவே கட்டை அவிழ்க்கும்போது நோயாளரை ஏசுவதால் பயனில்லை. எண்ணெயும் துணியும் மரச்சிம்பும் என்புப் படத்தைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. உலோகப் பொடியோ கனிமமோ கலந்த பத்து மாத்திரம் கதிரை மறித்து, தோலோரத்தில் வெண்புள்ளிகளாகத் தெரிந்து, சிறு என்புத் துண்டு என்ற மயக்கத்தைத் தரக்கூடும் என்பதால், அதைக் கழுவியபின் படமெடுப்பதும், என்ன பத்து, எத்தனை நாள் என்று படிவத்தில் எழுதுவதும் நல்லது.

நிற்க வைத்து எடுத்தல்

வழமையான சி.ரி. நோயாளரைப் படுக்க வைத்தே பார்க்கிறது. காலின் மூட்டுக்களோ பாரம் ஏறும்போதுதான் தங்கள் குறையை வெளிக்காட்டுகின்றன. கை கால்களுக்குரிய கூம்புக் கதிர்க் கருவிகளிற் சில, நோயாளர் ஏறி நிற்கக்கூடியவாறு அமைந்திருப்பதே அவற்றின் தனிச்சிறப்பு எனலாம். முழங்காற் சில்லின் பின்னுள்ள இடைவெளி எவ்வளவு ஒடுங்குகிறது, தட்டைப் பாதத்தில் வில் எந்த மூட்டில் தளர்கிறது, கணுக்காலின் இரு நீளென்புகளையும் பிணைக்கும் தசைநார் அறுந்து அவை விலகுகின்றனவா, நடுப்பாதத்து லிஸ்ஃப்ராங் மூட்டுக்கள் பாரத்தில் பிரிகின்றனவா என்பவை படுக்கையில் ஒளிந்துகொண்டு, நின்றதும் வெளிப்படுபவை. பெருவிரல் வெளிப்புறம் சாய்ந்த நிலையிலும், அவ்விரலின் அடியென்பு தன் அச்சிலேயே திரும்பியிருப்பது நிற்கும் படத்தில்தான் ஒழுங்காக அளக்கப்படுகிறது.

நிற்பது என்றால் எவ்வளவு பாரத்தோடு நிற்பது என்பதையும் எழுத வேண்டும். நோவுள்ள காலை மெதுவாக ஊன்றி, உடலை மறுகாலில் சாய்த்து நிற்பது எல்லோருக்கும் இயல்பு. அப்படி எடுத்த படம் நிற்கும் படம் என்று பெயர் பெற்றாலும் அரைப் பாரப் படமே. இரு பாதங்களையும் தோளகலத்தில் வைத்து, முழங்காலை மடக்காமல் நேராக நோக்கச் செய்வதோடு, சாதாரண நிறைதராசு ஒன்றை அருகில் வைத்து, அந்தக் காலால் எவ்வளவு ஊன்ற முடிகிறது என்று முன்கூட்டியே பார்த்துக் குறித்துக்கொள்வது செலவில்லாத நல்ல பழக்கம்.

நீரிழிவால் பாதத்தில் உணர்விழந்து, நடுப்பாத என்புகள் நோவின்றியே நொறுங்கும் ஷார்க்கோ பாதத்தில் இதற்கு விலக்கு உண்டு. பாதம் சூடாகவும் சிவந்தும் வீங்கியும் இருக்கும் கட்டத்தில், நிபுணரின் அனுமதியின்றி நோயாளரைப் பாரமேற்றி நிறுத்துவது கூடாது. அக்கட்டத்தில் என்பு மச்சையில் நிகழும் ஆரம்ப மாற்றத்தை எம்.ஆர்.ஐ.தான் காட்டும்.

உடலில் கிடக்கும் உலோகம்

உலக நூல்களில் ஓரிரு வரியோடு முடியும் இவ்விடயம் யாழ்ப்பாணத்தில் விரிவாகப் பேசப்பட வேண்டியது. 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின் எறிகணைச் சிதறல்களையும் துப்பாக்கிச் சன்னங்களையும் உடலில் தாங்கியவாறு வாழ்வோர் இங்கு பலர். குடாநாட்டின் தென்கிழக்கு வாயிலான முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணி போருக்குப் பின்னர் நெடுங்காலம் நீடித்தது. எம்.ஆர்.ஐ. கருவியின் வலிய காந்தம் உருக்குத் துண்டை இழுத்து நகர்த்தவோ சூடாக்கவோ கூடும் என்பதால், கண், முள்ளந்தண்டு, பெருங்குருதிக்குழாய் என்பவற்றின் அருகே சிதறல் கிடப்பவருக்கு அம்முறை ஆபத்தாகலாம். எக்ஸ் கதிர் எதையும் இழுப்பதில்லை. எனவே இத்தகையோரின் மூட்டைப் பார்ப்பதற்கும், சிதறல் மூட்டினுள் கிடக்கிறதா வெளியே கிடக்கிறதா என்று துல்லியமாகச் சொல்வதற்கும், கூம்புக் கதிர்ப் படம் பாதுகாப்பான வழியாகிறது.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பது தனிக் கலை. "உடம்பிலை எங்கையாவது செல் துண்டு, சன்னம் கிடக்கோ?" என்று வரிசையில் நிற்போர் முன்னிலையில் உரத்துக் கேட்டால், மருத்துவக் கேள்வியாகப் படாமல் விசாரணையாகப் பட்டு, இல்லை என்ற விடையே பலரிடமிருந்து வரும். திரைக்குள் அழைத்து, படம் கெடாமலிருப்பதற்காகவே கேட்கப்படுகிறது என்று முதலில் விளக்கி, எங்கே கிடக்கிறது என்பதை மட்டும் கேட்டு, எப்போது, எவ்வாறு, யாரால் என்பவற்றைக் கேளாது விடுவதே முறை. படிவத்திலும் இடத்தைக் குறித்தாற் போதும்.

உலோகம் கதிரின் மென்மையான பகுதியை உறிஞ்சி வன்மையான பகுதியை மட்டும் விடுவதால், அதனைச் சுற்றிக் கரும்பட்டைகளும் நட்சத்திரக் கதிர் போன்ற வெண்கோடுகளும் தோன்றும். முறிவைப் பொருத்தியிட்ட உருக்குத் தகடும் ஆணியும் இதையே செய்யும், தைத்தானியம் சற்றுக் குறைவாகச் செய்யும். கதிர்க் குழாய் சுற்றும் தளத்தில் உலோகமும் மூட்டும் ஒன்றாக அகப்படாதவாறு கையையோ காலையோ சிறிது சாய்த்து வைத்தால், கோடுகள் மூட்டை விட்டு விலகிப்போகும். உலோகக் கோடுகளைக் குறைக்கும் கணினி மென்பொருள் பல கருவிகளில் உண்டாயினும், அது சிலவேளை தகட்டருகே உள்ள உண்மையான வெடிப்பையும் சேர்த்து அழித்துவிடுவதால், திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் பக்கத்திற் பக்கம் வைத்தே அறிக்கை எழுத வேண்டும்.

செயற்கைக் கால் அணிவோர் இன்னொரு கூட்டத்தினர். 1987இல் தொடங்கிய யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிறுவனம் போன்றவற்றில் கால் பெற்று, ஆண்டுக் கணக்கில் நடப்பவருக்கு, மிஞ்சிய நல்ல காலின் முழங்கால் இரட்டைப் பாரத்தைச் சுமந்து விரைவில் தேய்வதுண்டு. அவரை நிறுத்திப் படமெடுக்கும்போது செயற்கைக் காலை அணிந்தவாறே நிற்கச் செய்வதுதான் அன்றாட நடையின் உண்மை நிலையைக் காட்டும்.

அசையாமை

ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 40 விநாடி வரை ஆகலாம். அவ்வளவு நேரத்தில் அரை மில்லிமீற்றர் அசைந்தாலும் என்பின் விளிம்பு இரட்டைக் கோடாகி, முறிவில்லாத இடத்தில் முறிவு தோன்றும். கையை நீட்டிய நிலையில் வெறுமையாக விட்டால் மூச்சுக்கு மூச்சு அது ஏறி இறங்கும். ஆகவே முழங்கை முதல் விரல் வரை மெத்துப் பஞ்சுப் பட்டையைக் கீழே கொடுத்து, மணிக்கட்டின் இருபுறமும் பஞ்சாப்பு வைத்து, மேலே அகன்ற பட்டியால் இறுக்காமல் அணைத்துக் கட்ட வேண்டும். கதிர் போடாமல் கருவியை ஒரு தடவை வெறுமனே சுற்றவிட்டுக் காட்டினால், இரைச்சலுக்குத் துணுக்குறும் முதியவர் இரண்டாம் முறை அமைதியாக இருப்பார். நோவுக்கு மாத்திரை வேண்டுமெனில் அரை மணி முந்தியே கொடுப்பது படத்துக்கும் நன்மை, அவருக்கும் நன்மை.

காப்பு, மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றச் சொல்லலாம். கோயிலில் கட்டிய மந்திரித்த நூல் கதிரை மறிக்காது. அதை வெட்டச் சொல்லி நோயாளரின் மனத்தை வருத்தத் தேவையே இல்லை. அந்நூலில் தகட்டுத் தாயத்து கோத்திருந்தால் மட்டும் அதை முழங்கைப் பக்கமாகத் தள்ளிவைத்தாற் போதும். பிளாஸ்ரர்க் கட்டினூடாகவும் படம் எடுக்கலாம். படம் சிறிது மங்கினாலும் முறிவின் நிலை தெரிந்துவிடும். இரண்டு தடவை எடுத்தும் அசைவு தீராதவருக்கு மூன்றாம் முயற்சி வேண்டாம். சில விநாடியில் முடியும் வழமையான சி.ரி.க்கு அவரை மாற்றிவிடுவது நல்லது. சிறுபிள்ளைகளிற் பலர் இவ்வகையில் அடங்குவர்.

கதிர்வீச்சும் அனுமதியும்

கை கால்களில் கதிருக்கு எளிதில் பாதிப்புறும் உறுப்புக்கள் குறைவு. கூம்புக் கதிர்க் கருவி செலுத்தும் அளவும் சிறியது. முழங்காலுக்கோ பாதத்துக்கோ எடுக்கும் ஒரு படத்தின் விளைவுறு கதிரளவு, கருவியையும் அமைப்பையும் பொறுத்து, சில மைக்ரோ சீவேட் முதல் சில பத்து மைக்ரோ சீவேட் வரை அமையும். உலகில் ஒருவர் இயற்கையிலிருந்தே ஆண்டொன்றுக்குச் சராசரி 2.4 மில்லி சீவேட், அதாவது 2400 மைக்ரோ சீவேட் பெறுகிறார் என்பதோடு ஒப்பிட்டால், இது சில நாளின் இயற்கை அளவுக்கு ஒப்பாகும். ஆயினும் சாதாரண கதிர்ப்படத்தை விட இது பல மடங்கு கூடியதே. கதிர்ப்படத்தால் தீரும் கேள்விக்கு இதை எடுப்பதற்கு நியாயமில்லை. கர்ப்பம் பற்றி விசாரிப்பதும், புலத்தைத் தேவையான மூட்டளவுக்குச் சுருக்குவதும் இங்கும் விதியே.

2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின் கீழ், கதிர் வெளிவிடும் கருவியை வைத்திருக்கவும் இயக்கவும் ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கருவியைக் கப்பலில் ஏற்றிய பின் விண்ணப்பிப்பது தவறான ஒழுங்கு. அறையின் சுவர்த் தடிப்பு, ஈயக் காப்பு, கதவின் திசை ஆகியவற்றின் வரைபடம் முதலில் அணியமாக வேண்டும். இக்கருவிகள் பல சாதாரண 230 வோல்ற்று இணைப்பிலேயே இயங்கினாலும், பாதிச் சுற்றில் மின்சாரம் நின்றால் நோயாளர் பெற்ற கதிர் வீணாகிப் படம் கிடைக்காமற் போகும் என்பதால், ஒரு சுற்றை முடிக்கும் அளவுக்காவது மின்கலச் சேமிப்பு இருத்தல் அவசியம். கடற்காற்றின் உப்பும் ஈரமும் எங்கும் நுழையும் குடாநாட்டில் உணரித் தகட்டுள்ள அறையைப் பகலில் மட்டும் குளிரூட்டி இரவில் திறந்துவிடுவது, தகட்டின் அளவுத்திருத்தத்தைக் குழப்பி, படத்தில் வட்ட வட்டமான வளையங்களை உண்டாக்கும்.

படத்தைப் பார்த்தலும் கொடுத்தனுப்புதலும்

அறிக்கை எழுதுவோர் முப்பரிமாண நிற உருவத்திலிருந்து தொடங்கக் கூடாது. அது நோயாளருக்கு விளக்கவும் சத்திரசிகிச்சையைத் திட்டமிடவும் உகந்ததாயினும், மெல்லிய வெடிப்புக்களை மழுப்பிவிடும். முதலில் துண்டப் படங்களை மூன்று தளத்திலும் முழுமையாக உருட்டிப் பார்த்து, புலத்தின் மேல் கீழ் ஓரங்களில் கூம்பின் சாய்வால் ஏற்படும் மங்கலை நோயெனக் கொள்ளாது விலக்கி, பின்னரே படிவத்திலுள்ள கேள்விக்கு நேர்விடை எழுத வேண்டும். தமிழில் இவ்விடையை விளக்கச் சொற்கள் இல்லை என்ற சாட்டு யாழ்ப்பாணத்தில் எடுபடாது. கதிர்ப்படம் என்ற ஒன்றே உலகில் இல்லாத காலத்தில், 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கித் தம் மாணவரைத் தமிழிலேயே பயிற்றிய நிலம் இது.

படங்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால், தெரிந்தெடுத்த சில துண்டங்களைத் தவிர ஏனையவை பார்ப்பவருக்குக் கிட்டாமற் போகும். முழுத் தொகுதியையும் டைகொம் வடிவில் குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ இட்டு, வேறொரு கணினியில் அது திறக்கிறதா என்று சோதித்த பின்னரே நோயாளரின் கையில் கொடுக்க வேண்டும். நெடுந்தீவிலிருந்து வந்து, குறிகட்டுவானுக்குத் திரும்பிப் படகேற வேண்டிய ஒருவரை, திறவாத தட்டுக்காக மறுநாளும் வரச் சொல்வதைவிட அந்த ஐந்து நிமிடச் சோதனை எளிது.